மச்சான் ஸ்பானரை மறந்த ஒரு வருஷம்

"நான் சொல்ல மாட்டேன். உன் புருஷன், நீ சொல்லிக்கோ."

"நல்லா இருக்கு நியாயம்! கூட நிக்கிறது நீ, கண்ணால பார்க்கிறது நீ. கடையில உட்கார்ந்து போன் எடுக்கிற நான் போய்ச் சொல்லணுமா?"

"சொன்னா அந்த மனுஷன் பத்தவெக்கிற டார்ச்சைக் கீழ வெச்சிருவாரும்மா. அப்புறம் ஜென்மத்துக்கும் தொட மாட்டாரு. அவரு ரோஷம் உனக்குத் தெரியாதா?"

"அதுக்காக இன்னும் எத்தனை நாளைக்கு ஸ்பானரை மறந்துட்டே இருக்கப் போறே? அடுத்த மாசம் மருந்துக் கிடங்கு வேலை. அங்க இன்ஜினியர் பக்கத்துலயே நிப்பாராம். அவர் முன்னாடி எந்த ஸ்பானரை மறப்பே, சொல்லு பார்ப்போம்?"

இதை நான் கேட்டது ஒரு நூலகத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, குப்புறப் படுத்துக்கொண்டு. குளிர்ந்த காற்று போகிற, டக்ட் என்று நாங்கள் சொல்கிற பெரிய தகரக் குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தலையை விட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். தொழில்காரர்களுக்குத் தெரியும், அந்தக் குழாய்க்குள் தலையை விட்டால் கட்டடத்தில் யார் எங்கே பேசினாலும் காதுக்குள் வந்து விழும். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்காத ரகசியம் இல்லை. மேனேஜர்கள் யாரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு காதல் கல்யாணம் வரைக்கும் போனதைத் தவணை தவணையாகக் கேட்டிருக்கிறேன்.

அதனால் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், எவனோ ஒரு புருஷன், எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். "கடையில உட்கார்ந்து போன் எடுக்கிற நான்" என்று வந்ததும் கை நின்றுவிட்டது. அது என் மனைவி. எதிரில் பேசியது அவளுடைய அண்ணன், என் தொழில் கூட்டாளி, என் மச்சான். அந்தப் பாவப்பட்ட புருஷன் நான்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பட்டாளத்தில் பதினேழு வருடம் குளிர்சாதனப் பிரிவில் இருந்தவன். ரத்தப் பையும் மருந்தும் ஏற்றிப் போகிற குளிர்பெட்டி வண்டிகள் என் பொறுப்பு. கொட்டுகிற மழையில், தார்ப்பாய்க்கு அடியில் மண்டிபோட்டுச் செம்புக் குழாயைப் பற்றவைத்திருக்கிறேன். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கையைக் கூப்பிடு" என்பார்கள். கை என்றால் நான்தான். நான் வைத்த இணைப்பு நூல் சுற்றின மாதிரி மெல்லிசாக, சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும்.

வெளியே வந்ததும் மச்சானோடு சேர்ந்து கடை போட்டேன். மின்சார வேலை அவன், குழாய் வேலை நான். அவனுக்கும் பற்றவைக்கத் தெரியும். ஆனால் அவன் வைத்தால் தடியாக, பேஸ்ட்டைப் பிதுக்கின மாதிரி இருக்கும். அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. வாடிக்கையாளர் போன், பில், எந்த நாள் எந்த வேலை என்பதெல்லாம் என் மனைவி. அன்றைக்கு அவள் வந்தது புது ஃபில்டர் கொடுக்க.

இப்போது அந்த ஸ்பானர் விஷயம்.

செம்புக் குழாயைப் பற்றவைத்ததும் உடனே குளிரூட்டும் கேஸ் ஏற்றக் கூடாது. முதலில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, மீட்டர் ஊசி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடி மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் விட வேண்டும். ஊசி இறங்கினால் எங்கேயோ கசிவு. அசையாமல் நின்றால் வேலை சுத்தம். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் டீ குடிக்கப் போவோம். ஒரு வருடமாக அங்கே ஒரு கூத்து நடக்கிறது. பாதி டீயில் மச்சான் நெற்றியில் அடித்துக்கொள்வான்.

"ஐயோ! ஸ்பானரை மேலயே விட்டுட்டேன். நீங்க உட்காருங்க மாப்ள, நான் எடுத்துட்டு ஓடி வந்திடுறேன்."

ஓடி வர அரைமணி ஆகும். நான் அவனுக்கு மறதி என்றே பெயர் வைத்துவிட்டேன். டீக்கடைக்காரர் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. "என்ன மறதியாரே, இன்னிக்கு எதை விட்டுட்டு வந்தீங்க?" என்பார். மச்சான் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். திரும்பி மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஊசி கோட்டின் மேலேயே நிற்கும். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். "பார்த்தியா, மயிரிழை அசையல. கைடா இது, கை!" அவனும் தலையை ஆட்டுவான். "உங்க கைக்கு என்ன மாப்ள குறைச்சல்."

தகரக் குழாய்க்குள் தலையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது.

கீழே இறங்கினேன். மனைவி கிளம்பிப் போயிருந்தாள். மச்சான் ஒன்றும் நடக்காத மாதிரி, "டீ போடலாமா மாப்ள?" என்றான். அன்று காலையில்தான் மொட்டைமாடியில் இரண்டு இணைப்பு பற்றவைத்து, நைட்ரஜன் ஏற்றி, கோடு போட்டு வைத்திருந்தேன். எதிர்க் கடையில் உட்கார்ந்தோம். டீயை வாயில் வைத்தானோ இல்லையோ, நெற்றியில் கை போய்விட்டது.

"ஐயோ, ஸ்பானர்..."

"போ போ," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அவன் படியேறியதும் பின்னாலேயே போனேன். மாடிக் கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. மச்சான் மண்டிபோட்டிருந்தான். சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் என் இணைப்பின் மேல் தடவினான். முன்பக்கம் ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் குழாயின் பின்பக்கம் பிடித்துப் பார்த்து, "ப்ச்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டான். நைட்ரஜனைத் திறந்துவிட்டான். அது புஸ்ஸென்று போய் முடிகிற வரைக்கும் டார்ச்சோடு காத்திருந்தான். அப்புறம் பற்றவைத்தான். எல்லாம் முடிந்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி நைட்ரஜன் ஏற்றி, ஊசியைச் சரியாக என் பேனாக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். கொஞ்சம் கூடிவிட்டது போல. ஒரு சொட்டு வெளியே விட்டு, மறுபடி பார்த்தான்.

நான் சத்தம் போடாமல் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "கிடைச்சிருச்சு மாப்ள," என்று ஒரு ஸ்பானரைக் காட்டினான். "இன்னொரு டீ சொல்லவா?" என்று மட்டும் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இரண்டாவது டீயெல்லாம் என் வழக்கத்தில் கிடையாது.

சாயங்காலம் அவன் வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் மாடிக்குப் போய், போன் கேமராவைக் குழாய்க்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனசு அங்கேதான் உடைந்தது. பின்பக்கத்தில் அவன் வைத்த பற்று தடியாக இல்லை. நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது. என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போட்டு வைத்திருந்தான். நான் எப்போதாவது திரும்பிப் பார்த்தால்கூடச் சந்தேகம் வரக் கூடாது என்று, ஐம்பது வயதில் உட்கார்ந்து என்னுடைய இணைப்பைப் பழகியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி காய்கறிக் கடைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுப் பின்பக்கம் டார்ச்சை எடுத்து வைத்தேன். துண்டுக் குழாய்கள் ஆறு எடுத்து ஆறு இணைப்பு பற்றவைத்தேன். வெளியே பார்க்க ஆறும் அழகு. பிறகு இடுக்கியில் மாட்டி, ரம்பத்தால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் அறுத்துப் பிளந்தேன். பற்று உள்ளே ஓடியிருக்கிறதா என்று பார்க்க இதுதான் வழி. பட்டாளத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு வைக்கிற பரீட்சை. ஆறில் நாலு ஃபெயில். முன்பக்கம் உருகி உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் உள்ளேயே போகவில்லை. சூடு போதவில்லை. செம்பு அடர்ந்த சிவப்புக்கு வரும் முன்பே, வந்துவிட்டது என்று நினைத்துப் பற்றுக் கம்பியை வைத்திருக்கிறேன்.

ஒரு வருடமாகப் பற்று சரியாக ஓடாதபோதெல்லாம் நான் கம்பி சரியில்லை, குழாய் சரியில்லை, கேஸ் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நிழல் விழுந்தது. மனைவி, பையோடு.

"என்னங்க இது? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?"

பிளந்த துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்கு வந்த காலத்திலிருந்து பார்க்கிறவள். பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் சொல்லிட்டானா?"

"டக்ட் சொல்லிருச்சு."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! அந்த ரூம் சீலிங்ல காத்து வர்ற கம்பி ஜாலி இருந்துச்சு. நான் கவனிக்கவே இல்லையே!"

"இருபது வருஷமா டக்ட் வேலைக்கு பில் போடறே. ஜாலிக்குக் கீழ நின்னுட்டா ரகசியம் பேசுவே?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் கேட்டேன், "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க."

"நான் கோவிச்சேனா? எப்போ கோவிச்சேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நாய் அடங்கியதும் அவள் சொன்னாள், "போன மாசம் நீலச் சட்டைக்குக் கருப்பு பட்டன் தைக்கச் சொன்னீங்க. ரெண்டும் ஒரே கலர்ன்னு அடிச்சுச் சொன்னீங்க. வண்டி ஓட்டும்போது எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூ மாதிரி விரியுதுன்னீங்க. நானும் டாக்டர்கிட்ட போலாம்ன்னு நாலு தடவை சொன்னேன். கண்ணு எனக்கு கழுகு மாதிரி இருக்குன்னீங்க."

உண்மைதான். டார்ச் சுடரைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் போல என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம் என்றார். பழுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி எல்லாம் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும், மெதுவாக வருவதால் ஆளுக்கே தெரியாது என்றார். ஆபரேஷன் பண்ணிப் புது லென்ஸ் வைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"செம்பு சரியான சிவப்புக்கு வந்துருச்சான்னு தெரியுமா டாக்டர்?"

"என்ன செம்பு?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கண்ணு நல்லாத் தெரியும். ஆனா உங்க செம்பைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க," என்றார். நல்ல மனுஷி. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது மருந்துக் கிடங்கு வேலைக்கு அடுத்த வாரம். ஆக, கிடங்கில் டார்ச்சைப் பிடிக்க வேண்டியது நானா, மச்சானா? அங்கே வைக்கப் போவது குளிரில் மட்டுமே இருக்க வேண்டிய மருந்து. ஒரு இணைப்பு கசிந்தால் ஒரு அறை மருந்தும் குப்பை. அதை நம்பி ஊசிக்காகக் கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டாளத்தில் ரத்தப் பை ஏற்றின வண்டியைப் பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, ஒரு ராத்திரி முழுக்க எனக்குள்ளே ஒருத்தன் வக்கீல் மாதிரி வாதாடினான். கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினால் போதுமே, ஆறில் இரண்டு பாஸ்தானே, என்றெல்லாம். கை என்று கூப்பிட்டே பழகிய ஆள் கையை மடக்கி வைப்பது லேசான காரியம் இல்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் டார்ச்சையும் கம்பியையும் கொண்டுபோய் மச்சான் மேசை மேல் வைத்தேன்.

"கிடங்கு வேலையில நீ பத்தவெக்கிற."

அவன் முகம் வெளிறிவிட்டது. தங்கச்சியைப் பார்த்தான். அவள் பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எ... எதுக்கு மாப்ள? நீங்க இருக்கும்போது நான் எதுக்கு? அந்த வேலையே வேணாம் மாப்ள, விட்டுடலாம். ரொம்ப தூரம் வேற."

"தூரமெல்லாம் இல்ல. நீ வை."

"நான் வெச்சா தடியா வரும். நீங்கதானே சொல்வீங்க, பேஸ்ட்டைப் பிதுக்கின மாதிரின்னு. இன்ஜினியர் பார்த்தா சிரிப்பாரு."

"ஒரு வருஷமா நூல் மாதிரி வெக்கிறியே மச்சான். இப்ப மட்டும் எப்படித் தடியா வரும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பையன் மாதிரி, "எப்போ பார்த்தீங்க?" என்றான்.

"நூலகத்து மாடியில."

"கோவமா மாப்ள?"

"கோவம்தான். ஒரு வருஷம் ஊரெல்லாம் உன்னை மறதின்னு கூப்பிட வெச்சியே. டீக்கடைக்காரன்கூடக் கூப்பிட்டானே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன்னை அப்படிச் சொல்லியிருப்பேனா?"

"அதனால என்ன மாப்ள? எனக்கு நிஜமாவே கொஞ்சம் மறதி உண்டு."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். கட்டிப்பிடிக்கத்தான் நினைத்தேன். எங்களுக்கு அது பழக்கமில்லை, உலுக்கலாக முடிந்துவிட்டது. மனைவி பில் புத்தகத்துக்குள்ளிருந்து, "பசங்களா, டேபிள் மேல டார்ச் இருக்கு, பார்த்து," என்றாள்.

கிடங்கு வேலை போன வாரம் முடிந்தது. பதினெட்டு இணைப்பு. இன்ஜினியர் எங்கள் வயதில் பாதிகூட இருக்க மாட்டார், நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றார். மச்சான் பற்றவைத்தான். நான் விளக்கும் கண்ணாடியும் பிடித்தேன். முதல் இணைப்பில் கம்பியை வைக்கப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான், சிவந்துவிட்டதா என்று. "என்னைப் பார்க்காதே, செம்பைப் பாரு," என்றேன். அதற்கப்புறம் அவன் என்னைப் பார்க்கவில்லை. பற்று குழாயைச் சுற்றித் தண்ணீர் மாதிரி ஓடினது எனக்கே மங்கலாகத் தெரிந்தது. நாலாவதற்கு மேல் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். கசிவு சோதனைக்கு நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டார்கள். ஊசி நின்ற இடத்தில் நின்றது. இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, யார் வேலை?" என்றார்.

"என் மச்சான்," என்றேன்.

சொன்ன பிறகு மனசு லேசாக இருந்தது.

வருகிற வியாழக்கிழமை எனக்கு வலது கண் ஆபரேஷன். மச்சான் என்னடாவென்றால் டார்ச்சை என் மேசையிலேயே வைத்திருக்கிறான். "இது உங்களோடது மாப்ள, நான் வாடகைக்கு எடுத்திருக்கேன்," என்கிறான். மனைவி டாக்டர் சொன்ன கட்டுப்பாடுகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். எனக்கு வலியைப் பற்றிப் பயம் இல்லை. ஒரே ஒரு பயம்தான். முப்பத்தொன்பது வருடமாக என் கண்ணுக்குப் பழகின அந்தச் சிவப்பு, புது லென்ஸில் வேறு சிவப்பாகத் தெரிந்துவிட்டால்? மறுபடி முதலிலிருந்து பழக வேண்டுமா? பழகத் தயார். ஆனால் அது முடியுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசை.

இதைப் படிக்கிறவர்களில் பற்றவைக்கிற தொழிலில் இருந்து, கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கொண்டு, திரும்ப டார்ச் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். செம்பு உங்களுக்குப் பழைய மாதிரியே சிவந்ததா? சுடர் பக்கத்தில் போக எத்தனை நாள் ஆனது? நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வியாழனுக்குப் பிறகு கொஞ்ச நாள் என்னால் படிக்க முடியாது. மச்சான் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். எதையும் மறைக்காமல் வாசிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.